‘பொண்ணு கடல்’ என்ற ஒரு வரியும் ஐஆர்ஆர் தொகுப்பும்: ஒரு ரிவ்யூ

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் வந்து ‘கப்பா’ என்று சொன்னால் பாசியைத்தான் நினைப்பார்கள். மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற கப்பாஃபைகஸ், ஊர்ப் பேச்சில் பெப்சி பாசி. அதிலிருந்து எடுக்கும் கேரஜீனன் என்ற கூழ்மப் பொருளுக்குக் கப்பா வகை என்று பெயர், அந்தப் பெயர்தான் பாசிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே விஷயத்தை இரண்டு பேர் ஒரே மாதிரி வகைப்படுத்துகிறார்களா என்று அளக்க ஜேக்கப் கோஹென் 1960-ல் ஒரு எண்ணைக் கொடுத்தபோது அவரும் அதே கிரேக்க எழுத்தைத்தான் எடுத்தார். பகலில் பேட்டி எடுக்கப் போன இடத்தில் ஒரு கப்பா, ராத்திரி லேப்டாப்பைத் திறந்தால் இன்னொரு கப்பா என்று எனக்குப் பல மாதம் ஓடியது. இந்த ரிவ்யூ இரண்டாவது கப்பாவைக் கணக்கிட நான் பயன்படுத்திய ஐஆர்ஆர் தொகுப்புக்கு. ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழிக்குள் போட்டுக்கொள்ளும் சின்னத் தொகுப்பு (irr) அது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசம், நெட் இல்லாமல் ஓடும், கணக்கை நம்பலாம். ஆனால் எண்ணை மட்டும்தான் கொடுக்கும். எந்த வரியில் நீங்களும் உங்கள் கூட்டாளியும் முட்டிக்கொண்டீர்கள் என்பதைக் காட்டாது, அதை நீங்களே தோண்டி எடுக்க வேண்டும். எனக்கு அந்த வரிகள்தான் உயிர். அதனால் 5-க்கு 4.

வேலை என்னவென்றால், பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் கரையில் பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுப்பது சட்டச் சிக்கலான காரியமாகிவிட்டது, ஆனால் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெண்கள் பேசினால் கடலும் வனத்துறையும் வட்டிக்கடனும் முங்கும்போது மூச்சு முட்டுவதும் ஒரே மூச்சில் வரும். அந்தப் பேச்சை எழுத்தாக்கி, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ‘பயம்’, ‘வருமானம்’, ‘உடம்பு’, ‘இடம்’ என்று கோடு (code), அதாவது ஒரு பெயர்க்குறி, போட வேண்டும். நான் ஒருத்தி மட்டும் போட்டால் அது என் வாசிப்பு. அதனால் மூன்று பேர் தனித்தனியாகப் போட்டோம். நான் ராமநாதபுரம் டவுன். என் கூட வேலை பார்த்த தங்கச்சி பாம்பன்காரி, அவள் அம்மாவே பாசிக்குப் போனவர். மூன்றாவது, சென்னையில் படிக்கிற தம்பி ஒருவன், கெட்டிக்காரன், ஆனால் கடலை மெரினாவில்தான் பார்த்திருக்கிறான்.

முதல் சுற்று முடிந்ததும் ஒரு வரியில் நின்றோம். ஒரு ஆச்சி சொல்லியிருந்தார்: “தெக்க போகலைன்னா என்ன, பொண்ணு கடல்ல எடுத்துக்கிடுவோம்.” தம்பி அதற்கு ‘பாலினம்’ என்று போட்டிருந்தான். பெண்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் கடல் பகுதி என்று அவனுக்குப் பட்டிருக்கிறது, அழகாக ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தான். பாம்பன்காரி ‘இடம்’ என்று போட்டிருந்தாள். இந்தக் கரையில் வடக்கே பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள், ஒன்று அடங்கிக் கிடக்கும், ஒன்று அடிக்கும். ஆச்சி சொன்னது அவ்வளவுதான், தெற்கே இல்லாவிட்டால் வடக்கே. நான் என்ன போட்டேன் என்றால் இரண்டுமே போடவில்லை, ‘மாற்று வழி’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ‘பொண்ணு கடல்’ என்ற சொல் என் கண்ணிலேயே படவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தத் துண்டை சென்னையிலிருந்து வந்த இரண்டு தம்பிகளிடம் கொடுத்திருந்தால் இரண்டு பேரும் ‘பாலினம்’ என்று போட்டிருக்கலாம். நூற்றுக்கு நூறு ஒத்துப்போயிருப்பார்கள், கப்பா கணக்கில் அது நல்ல மதிப்பெண்ணாகச் சேர்ந்திருக்கும், ஆச்சி சொன்னது மட்டும் தொலைந்துபோயிருக்கும். உடன்பாட்டு எண்ணை நான் மதிக்கிறேன், ஆனால் அது சரியா தப்பா என்பதைச் சொல்லும் எண் இல்லை, ஒரே மாதிரி வாசித்தோமா என்பதைச் சொல்லும் எண். ரிப்போர்ட் எழுதும்போது இந்த இரண்டும் எப்போதும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகிறது. எனக்கு அதில் கோபமே உண்டு.

சரி, தொகுப்புக்கு வருவோம். நான் இதற்கு வருவதற்கு முன்னால் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றின் சோதனைப் பதிப்பில் முயன்றேன், பெயர் வேண்டாம். அது உடன்பாட்டை எழுத்து எழுத்தாக எண்ணியது. அதாவது, எந்தெந்த எழுத்தின் மேல் இரண்டு பேரும் கோடு போட்டார்கள், எதன் மேல் இரண்டு பேருமே போடவில்லை என்று மொத்தமாகக் கூட்டிச் சொல்கிறது. நீண்ட பேட்டியில் ‘பயம்’ என்ற கோடு நான்கு இடத்தில்தான் வரும். மிச்சம் எல்லா எழுத்திலும் இரண்டு பேரும் ‘போடவில்லை’ என்று ஒத்துப்போனதாகக் கணக்கு, சதவீதம் தொண்ணூறுகளின் உச்சியில் போய் நிற்கும். இதற்கு நேர் எதிராக கப்பா தரைக்கு வந்துவிடும், ஏனென்றால் தங்கச்சி ஒரு சம்பவத்தை முழுதாக மூன்று வரிக்குச் சேர்த்துப் போடுவாள், நான் அந்த மூன்று வரியில் ஒரு வார்த்தைக்கு மட்டும் போடுவேன். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் கண்டிருக்கிறோம், ஆனால் எழுத்துக் கணக்கில் பெரும்பகுதி சண்டை. தமிழில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ‘பொண்ணு’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினியின் யூனிகோடு சேமிப்பில் ஆறு குறி. அதனால் முடிவு பெரிதாக மாறிவிடாது, ஆனால் எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் எண்ணுகிறோம் என்ற உறுத்தல் எனக்கு அப்போதுதான் வந்தது.

ஐஆர்ஆரில் அந்த முடிவு உங்கள் கையில். பேட்டியைக் கேள்வி-பதில் வாரியாகவோ சம்பவம் வாரியாகவோ முன்கூட்டியே துண்டு பிரித்துவிட்டு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் துண்டுக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு நெடுவரிசை, கோடு இருந்தால் 1 இல்லாவிட்டால் 0. சிஎஸ்வியாகச் சேமித்து ஆரில் ஏற்றி கப்பா2 என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு நொடியில் பதில். எத்தனை துண்டு, எத்தனை பேர், கப்பா எவ்வளவு என்று நான்கைந்து வரி, வேறு அலங்காரம் எதுவும் கிடையாது.

இந்த 0 விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும், உங்களில் யாராவது ஒருத்தருக்காவது ஒரு ராத்திரி மிச்சமாகும். நானும் தங்கச்சியும் போட்ட ஷீட்டை ஏற்றினேன், கப்பா 0 என்று வந்தது. குறைவாக வந்திருந்தால் பரவாயில்லை, துல்லியமாக 0. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒருநாள் முழுக்கச் சொல்லவே இல்லை. மறுநாள் ஷீட்டைத் திறந்து வரிசை வரிசையாகப் பார்த்தால், நான் ‘இல்லை’ என்பதற்கு 0 போட்டிருக்கிறேன், அவள் காலியாக விட்டிருக்கிறாள். கப்பா2 காலி இருக்கும் வரிசையை அப்படியே தூக்கிப் போட்டுவிடும். மிச்சம் நின்றது அவள் 1 போட்ட வரிசைகள் மட்டும். ஒரு ஆள் எல்லாவற்றுக்கும் 1 என்றால், அடுத்த ஆள் 1-ம் 0-மாகக் கலந்து எப்படிப் போட்டாலும் தற்செயலாக ஒத்துப்போகும் அளவும் நிஜமாக ஒத்துப்போன அளவும் ஒன்றாகிவிடும், கழித்தால் 0 தான் வரும். கணக்கு சரி, ஷீட்டுதான் தப்பு. காலிக் கட்டத்துக்கெல்லாம் 0 நிரப்பி ஓட்டியதும் மரியாதையான ஒரு எண் வந்தது. “அக்கா, நான் பாத்துட்டு இல்லைன்னுதான் விட்டேன்” என்றாள். பார்த்துவிட்டு இல்லை என்பதும், பார்க்கவே இல்லை என்பதும் வேறு வேறு. அதை ஷீட்டில் வேறு வேறாக எழுத வேண்டும் என்பதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

சதவீதம் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 100 துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பயம்’ கோட்டை இரண்டு பேரும் போட்டது 4, இரண்டு பேரும் போடாதது 90, நான் மட்டும் 3, அவள் மட்டும் 3. ஒத்துப்போனது 94 சதவீதம். ஆனால் ஆளுக்கு 7 துண்டில்தான் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறோம் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலே ஏறக்குறைய 87 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அந்த 87-க்கு மேல் எவ்வளவு ஏறினோம், ஏறக் கூடியதில் அது எத்தனை பங்கு என்பதுதான் கப்பா. இங்கே 0.54. இதே 94 சதவீதம், ஆனால் இரண்டு பேரும் போட்டது 45, போடாதது 49 என்றால் கப்பா 0.88. சண்டை போட்ட துண்டு இரண்டிலும் ஆறுதான். அபூர்வமாக வரும் கோட்டில் கப்பா இப்படிச் சரிவதை ஃபைன்ஸ்டைனும் சிச்செட்டியும் 1990-லேயே விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் பேட்டிகளில் வனத்துறை பயம் அபூர்வமாகத்தான் வரும். ரெக்கார்டர் ஓடும்போது அதை யார் நிறையப் பேசுவார்கள்? ஆனால் ஆய்வுக்கு அதுதான் நெஞ்சு மாதிரி. அந்தக் கோட்டின் கப்பா குறைவு என்று அதைத் தூக்கியெறியச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதற்காகக் குவெட் என்பவர் உருவாக்கிய ஏசி1 அளவு இருக்கிறது, அது ஐஆர்ஆரில் இல்லை, ஐஆர்ஆர்சிஏசி என்ற வேறு தொகுப்பில் இருக்கிறது. இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

0.54 நல்லதா கெட்டதா என்று உடனே கேட்பார்கள். லாண்டிஸும் கோக்கும் 1977-ல் கொடுத்த படிக்கட்டு ஒன்று எல்லா ஆய்வேட்டிலும் சுற்றுகிறது: 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், 0.61 முதல் 0.80 வரை கணிசம், அதற்கு மேல் ஏறக்குறைய முழுமை. அந்தப் பிரிவுகள் தாங்களாகப் போட்டுக்கொண்டவை என்று அவர்களே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள், அதை யாரும் எடுத்தெழுதுவதில்லை. ஐஆர்ஆர் இந்த மாதிரி ‘நன்று, மிக நன்று’ என்று சான்றிதழ் ஒட்டாமல் எண்ணோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குறை, கூடவே ஒரு பி மதிப்பைக் கொடுக்கிறது. அது கப்பா 0 இல்லை என்பதற்கான சோதனை மட்டும்தான், அதைப் பார்த்து ‘எங்கள் உடன்பாடு புள்ளியியல்படி நிரூபணம்’ என்று எழுதிவிடாதீர்கள். நம்பிக்கை இடைவெளி, அதாவது நிஜமான கப்பா எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு, கப்பா2-வில் வராது, கொடுத்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

மூன்று பேர் போட்டதற்கு கோஹென் கப்பா ஆகாது. ஃப்ளைஸ் 1971-ல் கொடுத்த வகை ஒன்று இதற்குள் இருக்கிறது, கிரிப்பெண்டார்ஃபின் ஆல்ஃபா என்ற இன்னொரு உடன்பாட்டு அளவும் இருக்கிறது. நான் ஆல்ஃபாதான் எடுத்தேன், ஏனென்றால் தம்பிக்குப் பரீட்சை வந்து சில பேட்டிகளை அவன் தொடவே இல்லை, ஆல்ஃபா அந்த மாதிரி நிஜமான காலிகளைத் தாங்கிக்கொள்ளும். இங்கே கவனம்: கப்பா2-வுக்கு ஆட்கள் நெடுவரிசையில் இருக்க வேண்டும், கிரிப் ஆல்ஃபா கட்டளைக்கு ஆட்கள் கிடைவரிசையில் இருக்க வேண்டும். ஒரே தொகுப்புக்குள் இரண்டு கட்டளைக்கு இரண்டு வாசல். அப்படியே தூக்கிக் கொடுத்தால் உங்கள் துண்டுகள் அத்தனையையும் ஆட்களாகவும் மூன்று பேரையும் துண்டுகளாகவும் எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துவிடலாம். ‘டி’ (t) என்ற கட்டளையால் அட்டவணையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையேட்டில் எழுதியிருக்கிறது, ஆனால் அந்த ஒரு வரியை யார் படிக்கிறார்கள்? பயம் இல்லை, கொஞ்சம், அதிகம் என்று படிநிலையாகப் போட்டிருந்தால் எடை கொடுக்கும் வசதி இருக்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் எடை இல்லாமல்தான் கணக்கிடும், ‘கொஞ்சம்-அதிகம்’ சண்டையும் ‘இல்லை-அதிகம்’ சண்டையும் அதற்கு ஒன்றுதான்.

இனி அந்தக் குறைக்கு வருகிறேன். எண்ணைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது என்றேன் அல்லவா. முரண்பட்ட துண்டுகளை வடிகட்டி எடுக்க நான் தனியாக நான்கு வரி எழுத வேண்டியிருந்தது: எங்கெங்கே மூன்று நெடுவரிசையும் ஒன்றாக இல்லையோ அந்த வரிசையை, துண்டின் தமிழ் எழுத்தோடு சேர்த்து, வேறு ஷீட்டில் கொட்டு என்று. அந்த ஷீட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு பாம்பனில் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம், தம்பி போனில். ‘காத்து திரும்பிருச்சு’ என்ற வரி அதில் பல பேட்டிகளில் பல தடவை வந்திருந்தது. நானும் தம்பியும் எல்லா இடத்திலும் ‘வானிலை’. அவள் எல்லா இடத்திலும் ‘வருமானம்’. “அக்கா, கச்சான் பிடிச்சிருச்சுன்னா தெக்கடல்ல இறங்க முடியாது. கலங்கிரும், அடில பாசி தெரியாது. அன்னைக்குக் காசு இல்ல. யாரும் காத்தைப் பத்திப் பேசலக்கா, காசைப் பத்தித்தான் பேசுறாங்க” என்றாள். நான் பேட்டிகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அந்த வரிக்கு அடுத்த வரி, ஒன்று விடாமல், கடை பாக்கியோ வட்டியோ பிள்ளை பீஸோதான். அத்தனை பேட்டியையும் நானே உட்கார்ந்து கேட்டு எழுதியவள், எனக்குத் தெரியவில்லை. கப்பா குறைவாக வராமல் இருந்திருந்தால் அந்தத் திண்ணைக்குப் போயிருக்கவே மாட்டேன்.

எந்தக் கோட்டை எப்போது போடுவது என்று எழுதி வைக்கும் கோட்புக்கில் அதற்கப்புறம் விதியை மாற்றி எழுதினோம்: காற்றின் பெயர் வந்தால் அடுத்த வரியையும் சேர்த்துப் படித்த பிறகே கோடு. பெண் கடல், ஆண் கடல் இரண்டும் ‘இடம்’, பேசுபவர் பெண்களைப் பற்றிச் சொல்கிறார் என்று தனியாகத் தெரிந்தால் மட்டும் ‘பாலினம்’. அப்புறம் நாங்கள் அதுவரை பார்க்காத புதுப் பேட்டிகளில் மறுபடி மூன்று பேரும் தனித்தனியாகப் போட்டு, அந்த எண்ணைத்தான் ரிப்போர்ட்டில் கொடுத்தோம். பேசித் தீர்த்துக்கொண்ட அதே துண்டுகளில் மறுபடி கணக்கிட்டு எண்ணை ஏற்றிக் காட்டுவது ஏமாற்று, எத்தனை பேர் செய்தாலும் ஏமாற்றுதான். முதல் சுற்று எண்ணையும் மறைக்காமல் பக்கத்திலேயே போட்டோம்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். பிரானும் கிளார்க்கும் எழுதுகிற மாதிரி, ஆய்வாளரின் பார்வையே கருவி என்று எடுத்துக்கொண்டு கருப்பொருள் ஆய்வு செய்பவர்களுக்கு இந்த எண்ணே பொருந்தாது, அவர்களே அதைத் தெளிவாகச் சொல்கிறார்கள். வழிகாட்டி கேட்கிறார் என்பதற்காக அந்த முறையில் கப்பாவைத் திணிக்க வேண்டாம். ஒருத்தர் மட்டும் கோடு போட்டு, தோழியிடம் ஒரு மணி நேரம் கொடுத்து ‘இரண்டாவது கோடர்’ என்று எழுதிக்கொள்ளப்போகிறவர்களுக்கும் இது வேண்டாம், அந்த நேரத்துக்கு அந்தத் தோழியோடு பேட்டியை வாசித்துப் பேசினாலே பலன் அதிகம்.

ஓட்டுவதற்கு என்னுடைய பழைய லேப்டாப்பே போதும். நிறுவ மட்டும் ஒரு தடவை நெட் வேண்டும், பென்டிரைவில் எடுத்துப் போகிறவர்கள் எல்பிசால்வ் என்ற தொகுப்பையும் சேர்த்து எடுத்துப் போங்கள், அது இல்லாமல் ஐஆர்ஆர் ஏறாது. விண்டோஸில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிய ஆர் 4.2 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும், பழையதில் தமிழுக்குப் பதில் கோணல் அடைப்புக்குள் எண்ணும் எழுத்தும்தான் வரும். கட்டளைகளும் கையேடும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, தங்கச்சிக்கு நான் தமிழில் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தை வைத்து அவளே இப்போது தனியாக ஓட்டுகிறாள். முரண்பட்ட துண்டுகளை வடிகட்டும் அந்த நான்கு வரியும் அதே பக்கத்தில் இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள், அப்படியே அனுப்புகிறேன்.